எலி வராத படம்

ஏப்ரல் 8, திங்கள்

வெயில். காலை பத்துக்கே ஜீப் பானெட்டில் கை வைக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது: புரொஜெக்டர் பெல்ட் மாற்ற. மைக் ஒயர் சால்டர். பல்பு ஒன்று ஸ்பேர் கேட்டு எழுத. ஷேவிங்.

மெட்ராஸிலிருந்து பஸ் பார்சலில், ஊர் ஊராக நாங்கள் போடுகிற சர்க்கார் படம் வந்தது. தகர டப்பா ரெண்டு. லேபிள்: 'நெல் சேமிப்பும் எலி ஒழிப்பும்'. வியாழக்கிழமை இதைப் போட வேண்டும். மாமனார் ஊரில், சாலவாக்கம் பக்கம். ராத்திரி அங்கே அம்மன் கோயில் கூத்து. அதனால் பகல் மூணு மணிக்கு, சொசைட்டி நெல் கிடங்கில்.

மாமனார் மதியம் ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை வேர்க்கடலை. ஜீப் நிழலில் நின்று பேசினார்.

"மாப்ள, வர ஞாயித்துக்கெயம சித்திரை ஒண்ணு. பாக்கு வெத்தல மாத்திக்கலாம். வைகாசில தாலி. வருசம் திரும்பறதுக்குள்ள முடிச்சிடணும்னு எல்லாரும் சொல்றாங்கோ."

சரி என்றேன்.

"வெளிய எவளயோ கட்னா நம்ம பாப்பாவ பாப்பாளா? கஸ்தூரின்னா பெத்தவ மாரி."

சரி.

"அவளுக்கும் சம்மதந்தான்."

அதற்கும் சரி. யார் கேட்டது, எப்போது கேட்டது என்று நான் கேட்கவில்லை.

என் மனைவி வசந்தா போய் எட்டு மாசம். கஸ்தூரி அவள் தங்கை, பத்தொன்பது வயசு. பாப்பாவுக்கு ஒன்றரை வயசு, அங்கேதான் வளர்கிறாள். கஸ்தூரிக்கு டீச்சர் ட்ரெய்னிங் இண்டர்வியூ கார்டு வந்திருக்கிறது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவன் நானே. கறுப்பு மையில், ஒரு அடித்தல் இல்லாமல்.

மாமனார் போனதும் டிரைவர் முனுசாமி அண்ணன்: "இன்னா தம்பி, மஞ்சத்தண்ணி தெளிச்ச ஆடு மாரி தலய ஆட்டிக்கினு கீற?"

பெல்ட் மாற்றினேன். மற்றது நாளை.

ஏப்ரல் 9, செவ்வாய்

புழுக்கம். ஸ்டோர் ரூம் ஜன்னலில் சாக்கு மாட்டி, கதவைச் சாத்தி, சுவரில் படத்தை ஓட்டிப் பார்த்தேன். வழக்கமான சோதனை. பிய்ந்திருந்தால் ஒட்ட வேண்டும்.

நெல் இல்லை. எலி இல்லை. டப்பா மாறிவிட்டது. உள்ளே ஏதோ வெளிநாட்டுக் கதைப்படம். கறுப்பு வெள்ளை. எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருக்கிறது, இங்கிலீஷ் இல்லை. பேச்சு ஒன்றும் புரியவில்லை. முக்கால் மணி நேரம்.

கதை: பெரிய வீடு. தெருக்கதவு திறந்தே இருக்கிறது, ஒரு நாய் வந்து போகிறது. உள்ளே ஒரு குடும்பம் மேஜையைச் சுற்றிச் சாப்பிடுகிறது. சீலிங் தினம் ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தினம் காலையில் ஒரு தச்சன் வருகிறான். குல்லாயைக் கழற்றி வணக்கம் சொல்கிறான். மேஜைக் கால், நாற்காலிக் கால், கட்டில் கால் எல்லாவற்றிலும் ஒரு விரற்கடை அறுத்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போகிறான்.

விருந்தாளிகள் குனிந்து வருகிறார்கள். மரியாதைக்குக் குனிகிறார்கள் என்று வீட்டுக்காரரும் குனிகிறார். மண்டையும் மண்டையும் முட்டுகிறது. உயரமான மகனுக்கு வைத்தியர் வந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, கழுத்துக்கு மருந்து எழுதுகிறார். அந்த மகன் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறான். கல்யாண போட்டோ எடுக்க எல்லாரையும் படுக்கச் சொல்கிறார் போட்டோக்காரர். சூப் ஊற்றுகிற ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து நடந்து பார்க்கிறாள், தினம் நெற்றியில் அடிபடுகிறது.

கடைசியில் மரக்கால் தீர்ந்துபோகிறது. தச்சன் யோசிக்கிறான். டேப்பை எடுத்து, உட்கார்ந்திருக்கிறவர்களின் கால்களை அளக்கிறான். எல்லாரும் பேண்ட்டைச் சுருட்டிக் காட்டுகிறார்கள், பேச்சை நிறுத்தாமல். அப்புறம் வெளியிலிருந்து வீடு. முன்பு இருந்த அதே உயரம். கதவு திறந்திருக்கிறது. முடிந்தது.

சிரித்துவிட்டேன். சத்தமாக. முனுசாமி அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னா தம்பி, ஷாக் அட்சிடுச்சா?"

இல்லை என்றேன். ரீவைண்ட் செய்து மறுபடி பார்த்தேன். ரெண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. தலையாட்டுகிறவன் வந்த இடத்தில் எல்லாம் ஃபோகஸைத் திருகிக்கொண்டே இருந்தேன். ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது.

ராத்திரி சாப்பாடு: கடலை.

ஏப்ரல் 10, புதன்

மெட்ராஸுக்கு ட்ரங்க் கால். ரெண்டு மணி நேரம் காத்திருந்து மூணு நிமிஷம் பேச்சு. சரியான டப்பா வர பத்து நாள் ஆகுமாம்.

ஆபீசரிடம் சொன்னேன். ஃபைலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஊர்ல தண்டோரா போட்டாச்சுப்பா. எலிப் படம்னு சொல்லியாச்சு. எதையாவது ஓட்டு. நீதான மைக்ல வெளக்கம் சொல்லப்போற. சொல்லு. படம் போட்டாச்சுன்னு ஊர்த் தலைவர் கையெழுத்த வாங்கு."

அது உண்மை. வருகிற படம் எல்லாம் இந்தி, இல்லை இங்கிலீஷ். சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கில் தமிழில் சொல்வது என் வேலையில் பாதி. பம்பு செட், தடுப்பூசி, சோயா மொச்சை. மூணு வருஷமாகச் சொல்கிறேன். இதற்கு என்ன சொல்ல?

ஆவணியில் திருமுக்கூடலில் படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வசந்தா செய்தி வந்தது. ஏழு நாள் காய்ச்சல். முனுசாமி அண்ணன் காதில் சொன்னார். முதல் ரீல் முடிய நாலு நிமிஷம். முடித்தேன். ரெண்டாவது ரீலை மாட்டினேன். விளக்கம் சொன்னேன். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

மைக் ஒயர் சால்டர் ஆச்சு.

ஏப்ரல் 11, வியாழன்

கிடங்கு. தகரக் கூரை. ஜன்னலுக்கு எல்லாம் சாக்கு. நூற்றைம்பது பேர் இருப்பார்கள், மூட்டை மேலும் கீழும். நெல் சுணை, வேர்வை. வோல்டேஜ் 190. ஹாரன் ஸ்பீக்கரை வெளியே கட்டச் சொன்னார் மாமனார். சொசைட்டி தலைவர் அவர்தான். உள்ளே இடம் கிடைக்காதவர்களும் கேட்க வேண்டுமாம்.

முதல் வரிசையில் பச்சையம்மாள், நடவு ஆட்களுக்குத் தலைவி. பெண்கள் பக்கம் கஸ்தூரி, மடியில் பாப்பா. பின்னால் நாற்காலியில் மாமனார்.

நாய் வந்த உடனே ஒரு குரல்: "தோ, எலி!"

"அது நாயிடா."

"வெள்ளக்காரன் ஊட்டு எலி அவ்ளோ பெர்சு கீதோ இன்னாவோ."

"செத்த இருங்கய்யா. மொதல்ல ஊட்ட காட்டுவான், அப்பறந்தான் எலிய காட்டுவான்."

நான் ஆரம்பித்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே. இது வெளிநாட்டில் ஒரு வசதியான குடும்பம். இவர்கள் வீட்டு மேல்தளம் இறங்கிக்கொண்டிருக்கிறது." இதுவரை சரி. தச்சன் வந்தான், அறுத்தான். ஜனங்கள் சிரித்தார்கள். மண்டை முட்டியதும் கிடங்கே அதிர்ந்தது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பச்சையம்மாள் திரும்பி என்னைப் பார்த்து: "ஏம்பா, கதவு தொறந்துதான கீது? எய்ந்து வெளிய போவ வேண்டிதான? இன்னாத்துக்கு உள்ளயே குந்திக்கினு கீறாங்க?"

படத்தின் நடுவில் யார் கேட்டாலும் மைக்கிலேயே பதில் சொல்லவேண்டும். அதுதான் பழக்கம்.

"யாரும் முடியாது என்று சொல்லவில்லை, அம்மா. எல்லாரும் சரி சரி என்கிறார்கள். அதோ அந்த உயரமான இளைஞரைப் பாருங்கள். படித்தவர். மெஷின் வேலை தெரிந்தவர். எதைக் கேட்டாலும் சரி என்பார்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் குரல்தான், ஆனால் பக்கத்து அறை ரேடியோ மாதிரி கேட்டது.

"இவர் மனைவி இறந்து எட்டு மாதம். சூப் ஊற்றுகிற இந்தப் பெண் இறந்தவருடைய தங்கை. டீச்சருக்குப் படிக்கப் போகவேண்டிய பெண். அந்த விண்ணப்பத்தை இவரேதான் எழுதிக் கொடுத்தார். இப்போது இந்தப் பெண்ணையே இவருக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள். உனக்கு இஷ்டமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. இவருக்கு இஷ்டமில்லை. வாயைத் திறந்தால் குழந்தையைக் கண்ணில் காட்டமாட்டார்களோ என்று பயம்."

திரையில் அப்போது தாத்தாவின் தொப்பியைப் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் பச்சையம்மாள், பெருமூச்சோடு: "அய்ய, வெள்ளக்காரன் ஊட்லயும் இதே பேஜார்தானா?"

கிடங்கு முழுக்கச் சிரிப்பு.

"பாவம்யா அந்தப் பொண்ணு. ஒல்லியா கீது."

"அவன் வாயில இன்னா கொய்க்கட்டயா? சொன்னா இன்னாவாம்?"

"தாயில்லா கொயந்த எங்க கீது? காட்டவே இல்லயே?"

ரீல் முடிந்தது. லைட் போட்டேன். மாமனார் தலைக்கு மேல் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது. கஸ்தூரி நேராக என்னைப் பார்த்தாள். பாப்பா தூங்கிவிட்டாள். ரெண்டாவது ரீலை மாட்ட மூணு தடவை ஆயிற்று.

ரெண்டாவது ரீலில் எலியைப் பற்றி மட்டுமே பேசினேன். எலி கண்ணில் படாது, ஆனால் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், இப்படி.

முடிவில் கேள்வி. சரியான பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் மக் பரிசு, இது ஆபீஸ் விதி. படத்திலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?

"ஊடு கட்டசொல்ல ஒசரமா கட்டணும்."

"தச்சன நம்பக்கூடாது."

பச்சையம்மாள் எழுந்து நின்றாள். "ஒருத்தருக்கும் வெளங்கல. உத்தரத்த எலி துன்னுடுச்சி. அத்தொட்டுத்தான் தளம் எறங்குது. எலி வெளிய வந்து மூஞ்ச காட்டிக்கினா துன்னும்?"

கைதட்டல். மக் அவளுக்கு.

ஒயர் சுற்றும்போது கஸ்தூரி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, மெதுவாக:

"மாமா, படத்துல அப்டி ஒண்ணும் இல்ல, இல்ல?"

"இல்ல."

"அப்ப ஏன் சொன்ன?"

"தெரியல."

"மைக்குலதான் வாய் வருமா? நைனா எதுர்ல வராதா?"

நான் ஒயரைச் சுற்றினேன்.

"எனக்கு இஷ்டமில்லன்னு அழுது பாத்துட்டேன், துன்னாம கெடந்தும் பாத்துட்டேன். பொண்ணு சொன்னா எவன் கேக்கறான்? நீ சொன்னாதான் நிக்கும். மே மாசம் இண்டர்வியூ. அவ்ளோதான்." போய்விட்டாள்.

கையெழுத்துப் போட மாமனார் வந்தார். நிதானமாக, முழுப் பெயரும் எழுதினார்.

"நல்லா வெளக்கமா சொன்னீங்க மாப்ள. ஞாயித்துக்கெயம ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடுங்க."

சரி என்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

தலைவலி. மேகம், மழை இல்லை.

படிவம் எழுதினேன். பார்வையாளர்: 150. வோல்டேஜ் குறைவு. பொதுமக்கள் கருத்து: எலிகளால் வீட்டு உத்தரங்களுக்கு ஏற்படும் ஆபத்து குறித்து நன்கு உணர்ந்தனர். ஆபீசர் படித்துவிட்டு "பலே" என்றார்.

டப்பாவைப் பஸ்ஸில் போட்டாச்சு. மெட்ராஸ் கிளார்க்கே இன்று போன் செய்தார். எங்கள் எலிப் படம் அங்கே ஏதோ சினிமா சங்கத்துக்குப் போய்விட்டதாம். "ரெண்டு தரம் போட்டுப் பாத்தாங்களாம் சார். அந்தப் பொறி மூட்ற எடம் ரொம்ப ஆழமா இருந்துச்சாம். டைரக்டர் யாருன்னு கேக்கறாங்கோ."

சிரிக்கவேண்டிய இடம். குறித்துவைக்கிறேன்.

வியாழனன்று மைக்கில் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது. ஊரில் ஒருத்தருக்கும் அது நான் என்று தோன்றவில்லை. கஸ்தூரியைத் தவிர தோன்றியவர் ஒருத்தர், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 13, சனி

வேட்டி ஒன்று வாங்கினேன். பூ, பழம், தட்டுச் சாமான் எல்லாம் பெண் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்களாம். எனக்கு அப்பா அம்மா இல்லை. என் பக்கத்துப் பெரியவராக முனுசாமி அண்ணன் வருகிறார். தட்டை அவர்தான் வாங்கவேண்டும்.

என்ன சொல்லவேண்டும் என்று எழுதிப் பார்த்தேன்.

மாமா, நான் நன்றாக யோசித்ததில்
மாமா, தப்பாக நினைக்கக்கூடாது, எனக்கு இப்போதைக்கு
மாமா, வசந்தா இருந்திருந்தால்
கஸ்தூரி படிக்கட்டும்.

கடைசிதான் சரி. ரெண்டே வார்த்தை.

முனுசாமி அண்ணனிடம் காட்டினேன். ஜீப் படியில் காலை மடித்து உட்கார்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நான்தான் ஒன் மாமனாரு. சொல்லு பாப்போம்."

சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்னா மாப்ள, நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு மாமா."

"வைகாசில வெச்சிக்கலாமா?"

"சரி மாமா."

துண்டை எடுத்து என் முதுகில் அடித்தார். "ஒன்ன வெச்சிக்கினு நான் இன்னாடா பண்றது?" இருட்டும் வரை ஏழு தடவை. ஏழாவதில் அவருக்கே தொண்டை கட்டிவிட்டது.

பயம் மாமனார் மேல் இல்லை. பாப்பா. மாசம் ரெண்டு தடவை பார்க்கிறேன், அதுவும் போய்விட்டால்? அவள் மூக்கு வசந்தா மூக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

மணி மூணு. நடந்ததை நடந்தபடி.

ஒன்பதுக்குப் போனோம். வேப்பம்பூப் பச்சடி கொடுத்தார்கள். பாய் விரித்து இருபது பேர். ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், கஸ்தூரிக்குப் புடவை, அரக்கு நிறம். வசந்தாவின் அம்மா, அத்தை, எல்லாருக்கும் காபி கொடுத்தாள். கஸ்தூரி உள்வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. தலை நிறையப் பூ. முகத்தில் ஒன்றும் இல்லை.

பெரியவர்: "பொண்ணு குடுக்க எங்களுக்கு சம்மதம். வாங்கிக்க ஒங்களுக்கு சம்மதமா?"

மாமனார் தட்டை நீட்டினார். முனுசாமி அண்ணன் கையை நீட்டவில்லை. தட்டு அந்தரத்தில்.

"இன்னாபா, வாங்கு."

"எனக்கு கையி வரல," என்றார் முனுசாமி அண்ணன். "மாப்ள கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். வாயைத் திறந்தேன்.

"கஸ்தூரி படிக்கட்டும்."

யாருக்கும் கேட்கவில்லை. மாமனார் "இன்னா மாப்ள?" என்றார், சிரித்த முகமாகவே. மறுபடி சொன்னேன். அப்புறம் எழுதி வைக்காததும் வந்தது. "எனக்கு வேணாம் மாமா. அவளுக்கும் வேணாம். தட்ட கீழ வைங்க."

வைத்தார். தேங்காய் உருண்டது, ஒருத்தரும் எடுக்கவில்லை.

அத்தைதான் முதலில். மாப்பிள்ளை மரியாதை எல்லாம் போய்விட்டது. "எம்பொண்ணு செத்தப்பவே நீ படத்த ஓட்டிக்கினு இருந்தவன்தான? ஒனக்கு இன்னா தெரியும் கொயந்தய பத்தி?" தெரிந்திருக்கிறது. எட்டு மாசமாகத் தெரிந்து, எட்டு மாசமாக எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். "ஆமா அத்த," என்றேன்.

உள்ளே போய்க் கஸ்தூரி இடுப்பிலிருந்து பாப்பாவைப் பிடுங்கி வந்து என் மடியில் வைத்தாள். "படிக்கட்டும்ன இல்ல? இந்தா. தூக்கிக்கினு போ. ரெண்டு நாளு. ரெண்டே நாள்ல அலறிக்கினு கொண்டாருவ. அன்னிக்கி பேசிக்கலாம் பாக்கு வெத்தலய."

மாமனார் யாரையும் பார்க்காமல்: "அவ சொல்றதுதான். ரெண்டு நாளு."

பாப்பா என் சட்டைப் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்தேன். நான் எழுவேன் என்று அத்தை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

பஸ் கிளம்புகிற நேரத்தில் கஸ்தூரி ஓடிவந்தாள், பூ எல்லாம் அவிழ்ந்து தொங்க. ஜன்னல் வழியாகத் துணிப்பையைத் திணித்தாள். "கவுனு நாலு, பால் டப்பா, கிரைப் வாட்டர். ஒரு டம்ளருக்கு மூணு கரண்டி மாமா, தண்ணிய கொதிக்க வெச்சி ஆற வையி. இட்லின்னா தொட்டுக்க சக்கர. தூக்கம் வந்தா காத புடிச்சிக்கும், அடிக்காத." கண்டக்டர் விசில். கூடவே ஓடிக்கொண்டு: "புதங்கெயம வரைக்கும் எப்டியாவது தாங்கு. அதுக்கப்பறம் அம்மாவே பாப்பாவ பாக்க வந்துடும், ஒண்ணும் பேசாது. எனக்கு தெரியும்."

நன்றி கின்றி ஒன்றும் இல்லை. பாப்பா ஜன்னலுக்கு வெளியே ரெண்டு கையையும் நீட்டி "ம்மா, ம்மா" என்று கத்தினாள். கஸ்தூரி நின்றுவிட்டாள். அதைப் பார்த்தேன். அவளை அப்படிக் கூப்பிடுவது எனக்குத் தெரியாது.

உத்திரமேரூர் வரும்வரை அழுகை. பஸ்ஸே என்னைப் பார்த்தது. "கொயந்தய எங்கடா தூக்கிக்கினு போற?" என்று ஒரு பெரியம்மா. "என் கொயந்ததாம்மா," என்றார் முனுசாமி அண்ணன் பதிலுக்கு, யோசிக்காமல். அப்புறம் "இவன்து" என்று என்னைக் காட்டினார்.

இப்போது ரூம். அவரும் வீட்டுக்குப் போய்விட்டார். வேண்டியது: தொட்டில் கயிறு. சின்னக் கரண்டி. மண்ணெண்ணெய். நாளை லீவு லெட்டர். நாளை மறுநாளும். வேட்டி மூணு தடவை நனைந்துவிட்டது. புதன் வரைக்கும் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன், போட்டிருக்கக்கூடாது.

எட்டடிக்குப் பத்தடி. நானும் அவளும். வெளியே போகவும் முடியாது, இவளைத் தனியே விட்டு. கதவுப் பக்கம் போய் உள்ளங்கையால் தட்டித் தட்டி "ம்மா" என்கிறாள். எந்த அம்மாவை என்று தெரியவில்லை. அப்புறம் வருவாள், கடைக்குப் போயிருக்கிறாள், இப்படி ஏதாவது சொல்லலாம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா செத்துப் போய்ட்டாங்க கண்ணு," என்றேன்.

மைக் இல்லாமல் இதுவரை அதை என் வாயால் சொன்னதில்லை. திரும்பி என் வாயைப் பார்த்தாள். விரலை விட்டு உதட்டை இழுத்தாள். மறுபடி சொல்லச் சொல்கிறாள் போல. மறுபடி சொன்னேன். இப்போது காதைப் பிடித்துக்கொண்டாள், என் காதை. பால் இன்னும் ஆறவில்லை, ஒரு கையால்தான் எழுதுகிறேன், பேனாவைப் பிடித்து இழுக்கிறாள்.